சேறு படாத செய்முறை

காவிரி டெல்டாவுக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டங்கள்தான் என்று வேளாண்துறை சொல்லும். நம்பாதீர்கள், நாலாவது ஒன்று இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி என்று எந்தப் பக்கம் போய்ப் பொறியியல் கல்லூரி வாசலில் நின்றாலும் அறுவடை கனஜோராக நடந்துகொண்டிருக்கும். இந்தப் பட்டத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையைத் திறந்தால் போதும். விளைச்சலின் பெயர் ப்ராஜெக்ட்.

கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு தெர்மாகோல் அட்டை. அதன்மேல் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் ஒட்டியிருக்கிறது, அதுதான் வயல். ஓரத்தில் பிளாஸ்டிக் டம்ளர் நிறையச் செம்மண். டெல்டாவின் களிமண் இதற்கு லாயக்கில்லை. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் கையில் ஒட்டும், யூனிஃபார்ம் பாழாகும். அதனால் கல்லூரித் தோட்டத்து ரோஜாத் தொட்டியிலிருந்து அள்ளியது. மண்ணில் இரண்டு காலை ஊன்றி நிற்கிறது ஈர சென்சார். பக்கத்தில் ஆர்டுயினோ போர்டு, நீலக் கலரில் ரிலே, குறுஞ்செய்தி அனுப்ப ஒரு மாட்யூல், மக்கில் முங்கிக் கிடக்கும் ஐந்து வோல்ட் மோட்டார். மாணவன் சென்சாரை மண்ணிலிருந்து பிடுங்குகிறான், மோட்டார் ஓடுகிறது. திருப்பிக் குத்துகிறான், நிற்கிறது. முதல்வர் கைதட்டுகிறார். சிறப்பு விருந்தினர் "விவசாயத்தின் எதிர்காலம் இந்த மேஜையில் இருக்கிறது" என்கிறார். போட்டோ எடுத்தாகிவிட்டது. அடுத்த மேஜைக்குப் போனால் அங்கேயும் ஒரு டம்ளர், அங்கேயும் ஒரு எதிர்காலம்.

வயலில் ஈரம் இருக்கிறதா என்று சொல்லும் கருவியாம் இது. கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி வைத்திருக்கிற நெல் வயலில்! மண் காய்ந்ததா இல்லையா என்பது டெல்டாக்காரருக்கு வரப்பில் நின்றாலே தெரியும். அவர் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது வேறு கேள்விகள். முறைத் தண்ணீர் எப்போது வரும், வந்தால் கடைமடைக்கு எட்டுமா, மேலே எவன் மதகை இறக்கினான்? இதற்கெல்லாம் சென்சார் கிடையாது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நீர்வளத்துறை அலுவலகத்து வாசலில் போய் நிற்க வேண்டும், அங்கே தெர்மாகோல் செல்லாது. போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டரும் புதுசில்லை. எலக்ட்ரிகல் கடைகளில் பல வருஷமாக விற்று, பம்புசெட் கொட்டகைகளில் குளவிக்கூடோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த மலிவு சென்சாரின் கால்கள் ஈர மண்ணில் மின்சாரம் பாயப் பாய அரித்துப் போகும் என்பதையும் மாணவனுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லி என்ன, கண்காட்சி ஒரு நாள்தானே.

அந்த ஆர்டுயினோ போர்டின் பூர்வீகம் தெரிந்தால் வயிற்றெரிச்சல் கூடும். மின்னணுவியல் படிக்காத டிசைன் மாணவர்களும் மலிவாக, தங்கள் கையாலேயே எதையாவது செய்து கற்கட்டும் என்று 2005இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் ஒரு கல்விக்கூடத்தில் பிறந்தது அது. கடல் கடந்து, சென்னை ரிச்சி தெரு வழியாகத் தஞ்சாவூர் வந்து, இங்கே மாணவர்கள் கையால் எதையும் செய்துவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. காப்பாற்றும் இடத்தின் பெயர் ப்ராஜெக்ட் சென்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து, மாடியறை, வாசலில் செருப்புக் குவியல்.

"என்ன டிபார்ட்மெண்ட் தம்பி?"

"அக்ரி எஞ்சினியரிங்ண்ணா. நாலு பேரு பேட்ச்."

"ஸ்மார்ட் இரிகேஷன் போன வருஷமே தேஞ்சு போச்சு. ஏ.ஐ. போட்டுரு. இலைய போட்டோ எடுத்தா என்ன நோய்னு சொல்லும்."

"நெல்லு இலையாண்ணா?"

"நெல்லுக்கு எவன் படம் புடிச்சு வச்சிருக்கான்? தக்காளி இலை ரெடியா இருக்கு. டாகுமெண்டேஷனோட எட்டாயிரம், பி.பி.டி. ஃப்ரீ. வைவாக்கு முந்தின நாள் வாங்க, என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு சொல்லிடறோம்."

"நாங்களே செஞ்சு பாக்கணும்னு சார் சொன்னாருண்ணா."

"தம்பி, சார்தான் உன்னை இங்க அனுப்பியிருக்காரு."

தக்காளி இலை விஷயத்தில் அண்ணன் பொய் சொல்லவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'பிளாண்ட்வில்லேஜ்' என்ற படத் தொகுப்பை எடுத்துத்தான் பாதிப் பேர் இந்த ப்ராஜெக்டைச் செய்கிறார்கள். ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் படங்கள், 14 பயிர்கள். ஆப்பிள் உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு, ப்ளூபெரி உண்டு. நெல் இல்லை. தமிழகத்தின் நெற்களஞ்சியத்தில், சன்னலைத் திறந்தால் சம்பாப் பயிர் முகத்தில் அடிக்கிற வகுப்பறையில் உட்கார்ந்து, நம் பிள்ளை ஸ்ட்ராபெரி இலைக்கருகலை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு துல்லியத்தோடு கண்டுபிடிக்கிறான். வெளியே குலைநோய் வந்து கழுத்தொடிந்து நிற்கிற கதிர் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது.

கடைக்கார அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. டெல்டாவில் சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்த பொறியியல் பட்டதாரியைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாடியறைக்குத்தான் போக வேண்டும். ப்ராஜெக்ட் அறிக்கையின் நன்றியுரையில் நிறுவனர், நிறுவனரின் துணைவியார், தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி, எல்லாம் வல்ல இறைவன் என்று வரிசையாக எல்லாருக்கும் நன்றி உண்டு. வேலையைச் செய்த ஒரே ஆளான அண்ணனுக்கு மட்டும் கிடையாது.

பாவம், வழிகாட்டிதான் என்ன செய்வார்? அவர் இருந்தால்தானே. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்கு. ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட இடங்களில். திருவிளையாடலில்கூட இறைவன் ஒரு நேரத்தில் ஓர் ஊரில்தான் மண் சுமந்தார். நம் பேராசிரியர் அதே நாளில், அதே மணியில், பத்து லேபில் பத்துச் சோதனையை மேற்பார்வை பார்க்கிறார். ஆய்வுக்கு வந்து பார்த்து அனுமதி கொடுத்த குழுக்களுக்குக் கண் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் செருகிவிட்டது.

லேபில் இருக்கும் இயந்திரங்களும் வழிகாட்டிக்குப் பொருத்தமானவையே. லேத் மிஷின்மேல் உறை, உறைமேல் தூசி, தூசிமேல் 'தொடாதீர்'. வருஷம் பூராவும் எழுதுவது ரெக்கார்டு நோட்டு. சோதனை செய்யாமலே அளவு வரும், அளவு வராமலே வரைபடம் வரும், அதற்கு டிக் விழும். சீனியரின் நோட்டில் 4.7 என்றிருந்தால் பத்து வருஷம் கழித்தும் அதே 4.7. காவிரியில் வெள்ளம் வரும், வறட்சி வரும், ஆட்சி மாறும். அந்த 4.7 மாறாது.

இதெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லாத விளையாட்டு என்று நினைத்தால், 2018 ஆகஸ்ட் 22 ராத்திரியை நினைத்துப் பாருங்கள். முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 45 மதகுகளில் 9 தண்ணீரோடு போய்விட்டன. சுற்றுவட்டாரத்தில் சிவில் எஞ்சினியரிங் சொல்லிக்கொடுக்கிற கல்லூரிகளை எண்ணக் கைவிரல், கால்விரல் இரண்டும் போதாது. அடைக்க வந்தவை பாறாங்கல்லும் மணல் மூட்டையும். ஓடுகிற தண்ணீரில் இறங்கி மூட்டையை அடுக்கியவர்கள் கூலி ஆட்கள். (கரிகாலனுக்கு ரெக்கார்டு நோட்டு இருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை எல்லாப் பட்டமளிப்பு விழாவிலும் கேட்டாகிவிட்டது, கேட்டவர் காரேறிப் போயும்விட்டார்.)

வேளாண் கல்லூரிப் பக்கம் வந்தால் காட்சி கொஞ்சம் பசுமையாக இருக்கும். அங்கே மாணவர்களைக் கிராமத்துக்கே அனுப்புகிறார்கள். 'ஊரக வேளாண் பணி அனுபவம்' என்று பெயர். 1992இல் ரந்தாவா குழு எல்லா வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. 2015 ஜூலை 25 அன்று பாட்னாவில் பிரதமர் இதையும் சேர்த்து 'ஸ்டூடன்ட் ரெடி' என்று தொடங்கிவைத்தார். குழுவுக்கோ பெயருக்கோ தொடக்க விழாவுக்கோ பஞ்சமே வந்ததில்லை.

பலனை நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் தினமும் பார்க்கலாம். 'வேளாண் மாணவிகள் செயல்விளக்கம்'. தொப்பி போட்ட பத்துப் பெண்கள், நடுவே சட்டை போடாத பெரியவர் ஒருவர், பின்னால் பேனர். ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைக்கிறார்கள். முட்டையைப் போடுகிறார்கள். முட்டை மேலே மிதந்து கொஞ்சமாக முதுகைக் காட்டினால் கரைசல் பதம். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், தேறின மணி அடியில் தங்கும். நல்ல முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். முட்டை பெரியவர் வீட்டுக் கோழி போட்டது. உப்பு வேதாரண்யத்தில் விளைந்தது. விதைநெல் அவர் பத்தாயத்தில் இருந்தது. வாளி அவர் மருமகளுடையது. மாணவிகள் கொண்டுவந்தது பேனர். செயல்விளக்கம் முடிந்ததும் பெரியவர் கேட்கிறார்: "ஏம்மா, நெல்லு டிப்போவுல மூட்டைய எப்ப எடுப்பாங்க, ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமா?" அது சிலபஸில் இல்லை.

அந்தப் பெண்களைக் குற்றம் சொல்கிறவன் நாக்கில் புண் வரட்டும். அவர்கள் மார்க் வாங்க வேண்டும். மார்க்குக்கு ஊர்ப் பெயரும் நேரமும் பதிந்த படம் வேண்டும், நாளிதழ் நறுக்கு வேண்டும், விவசாயியின் கையெழுத்து வேண்டும். ஒரு போகம் முழுக்க ஒரே வயலில் இறங்கி, நாற்றுப் பறித்து, முடி கட்டி, அண்டை வெட்டி, களை பிடுங்கி, கடைசியில் அந்த வயல் பொய்த்துப்போனால் ஏன் பொய்த்தது என்று எழுதுகிறவளுக்கு மார்க் போட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. நறுக்கை ஒட்டத்தான் கட்டம் இருக்கிறது.

தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடும் பயிற்சி ஒன்றும் உண்டு. கோயில் மஞ்சளில் வரும், குளம் நீலத்தில் வரும், பெரிய தெரு, பஞ்சாயத்து ஆபீஸ், கூட்டுறவு வங்கி எல்லாம் கலர்கலராக வரும். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஜனங்களின் தெரு மட்டும் ஓரமாக ஒரு சின்னக் கட்டம். வரைபடம் போட்ட இடம் ஊர்த்தெரு. அந்த ஜனங்களின் தெருவைப் போய்ப் பார்த்து வரப் பொடியும் மிச்சமில்லை, நேரமும் மிச்சமில்லை.

மாணவர்களை ஊருக்குள் அனுப்புவது எப்படியென்று காட்டியவர் தஞ்சாவூர் மண்ணில் பிறந்தவர்தான். ஜே.சி.குமரப்பா, 1892 ஜனவரி 4இல் இங்கே பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்துத் திரும்பியவரை 1929இல் காந்தி குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். குமரப்பா குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். என்ன விளைந்தது, என்ன கையில் வந்தது, வரி எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி யாருக்குப் போகிறது? 1931இல் புத்தகமாக வந்த அந்தக் கணக்கு, குடியானவன் தாங்க முடியாத நிலவரியை அரசாங்கம் கறக்கிறது என்பதைப் பைசா சுத்தமாகக் காட்டியது. அதிலிருந்தது பத்திரிகை நறுக்கு அல்ல, சர்க்காரைச் சுடுகிற எண்கள்.

இன்றைக்கு டெல்டாவில் ஒரு பேட்ச் மாணவர்கள் அப்படிக் கிளம்பட்டும். எந்த வீட்டு நகை எந்த வங்கியில் முழுகிக்கொண்டிருக்கிறது, குழுக்கடன்காரர் எந்தக் கிழமை வந்து வாசலில் நிற்கிறார், குத்தகைதாரருக்குப் பயிர்க்காப்பீடு ஏன் வரவில்லை, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்பதாக விவசாயச் சங்கங்கள் வருஷா வருஷம் கத்துகிறதே, அந்தப் பணம் எவ்வளவு, எந்தச் சட்டைப்பை வரை போகிறது? ஊர் ஊராக எழுதி, கூட்டிப் போட்டு, அட்டை போட்டுக் கொடுக்கட்டும். அந்த அறிக்கைக்கு முத்திரை குத்துகிற முதல்வர் யாரென்று பார்க்க எனக்கு ஆசை. அப்படி விவசாயி பக்கம் நின்ற ஒருவரும் இங்கே உண்டு. இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலையில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, இங்கே நடக்கிற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று உதறிவிட்டு வந்தவர். அவர் படத்துக்கு இப்போது மாலை போட்டு மன்றம் தொடங்குகிறார்கள். வேலையை ஏன் உதறினார் என்பதை மட்டும் மன்றத்தில் பேசுவதில்லை.

செய்து கற்றால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்கிற அறிவாளிகளுக்கு ஒரு சங்கதி. மடகாஸ்கர் தீவில் ஆண்ட்சிராபே ஊருக்குப் பக்கத்தில் ஆன்றி லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1981இல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விவசாயப் பள்ளி ஆரம்பித்தார். வயலே வகுப்பறை. 1983இல் வழக்கமான முதிர்ந்த நாற்றுக்கு வழியில்லாமல் பதினைந்து நாள் இளநாற்றை எடுத்து, ஒற்றை ஒற்றையாக, எட்ட எட்ட நட நேர்ந்தது. செத்துப்போகும் என்று பார்த்தால் தூர் வெடித்தது. ஏன் என்று கேட்டார்கள், மறுபடியும் நட்டார்கள், மறுபடியும் எண்ணினார்கள். உலகம் இன்று எஸ்.ஆர்.ஐ. என்று அழைப்பதும் நாம் செம்மை நெல் சாகுபடி என்பதும் அதுதான். ஒரு பள்ளிக்கூடத்து வயலில் தப்பாகப் போயிருக்க வேண்டிய ஒரு நடவிலிருந்து பிறந்தது.

அது தஞ்சாவூருக்கு வந்து என்ன ஆனது? இருபத்திரண்டரைக்கு இருபத்திரண்டரை சென்டிமீட்டர், பதினாலு நாள் நாற்று என்று தேர்வில் ஐந்து மார்க் வினா ஆனது. வயலில் கோனோ வீடரைத் தள்ளச் சொன்னபோது, டெல்டாவின் கனத்த களியில் அது புதைந்துகொள்கிறது, மணிக்கட்டு விட்டுப்போகிறது என்று பெண்கள் சொன்னார்கள். இதைவிட நல்ல ப்ராஜெக்ட் ஒரு மெக்கானிக்கல் மாணவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்? இந்த மண்ணுக்கும் இந்தக் கைக்கும் ஏற்ற ஒரு களைக்கருவி. ஒரு வெல்டிங் பட்டறை, கொஞ்சம் தகடு, நாலு நடவுப் பெண்கள், ஒரு சீசன் போதும். ஆனால் அதற்கு அந்தப் பெண்களிடம் போய், "அக்கா, எங்க வலிக்குது?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வயலில் இறங்கவும் வேண்டும்.

இறங்க மாட்டோம். தெர்மாகோலையும் கோலப்பொடியையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இது இல்லாமல் போவது இங்கேதான். தஞ்சாவூர் ஜில்லாவில் கௌரவம் என்பதற்கே காலில் சேறு படாமலிருப்பது என்றுதான் பொருள். மிராசுதார் வரப்பில் குடை பிடித்து நின்றார். பண்ணையாள் சேற்றில் குனிந்து நின்றார். நிமிர்ந்து பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன. பண்ணையாளைப் பாதுகாக்க 1952இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது இந்த ஜில்லாவுக்கு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து கரியானார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது, வசதியான, கார் வைத்திருக்கிற நிலக்கிழார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். பெரிய மனிதன் எதையும் தன் கையால் செய்ய மாட்டான் என்பது இங்கே வெறும் பழக்கமில்லை. தீர்ப்பாகவே வந்துவிட்டது.

அந்தப் பெரிய மனிதனின் கையைத்தான் நம் கல்லூரிகள் வருஷா வருஷம் சான்றிதழ் போட்டு உற்பத்தி செய்கின்றன. கேட்டால் தொழில்நுட்பம் என்கிறார்கள். முன்பு குடை இருந்தது, இப்போது ட்ரோன் இருக்கிறது. நிற்கிற இடம் அதே வரப்பு.

இதில் நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. அந்த மாடியறையில் எட்டாயிரம் கொடுத்துத் தக்காளி இலை வாங்குகிற நாலு பேரில் ஒருவன் முதல் பட்டதாரி. சலுகைக் கட்டணத்தில் சேர்ந்தவன். அவன் அம்மா நடவுக்குப் போகிறவள். நாற்றைக் கையில் எடுத்தால் வயதைச் சொல்வாள், தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வயலில் உப்பு ஏறுகிறது என்பாள், எந்தத் திடலில் எந்த ரகம் சாயும் என்பதைச் சாய்வதற்கு முன்பே சொல்வாள். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு பேராசிரியரும் அவனிடம், "உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாப்பா, ஒரு வகுப்பு எடுக்கட்டும்" என்று சொன்னதில்லை. 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தில் 'விவசாயம்' என்று பொதுவாக எழுதிவைக்கத்தான் அவன் கற்றுக்கொண்டான். கூலி என்ற சொல்லை அங்கே எழுதக் கூச்சம். அந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொடுத்த பாடத்துக்குத் தேர்வு கிடையாது, ஆனால் எல்லாரும் தேர்ச்சி. குறுவை நடவு முடியும்வரை ஒருநாள் விடாமல் அவள் போனாலும் அவன் பங்குப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுச் செலவுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் முதுகை வளைத்துச் சம்பாதித்ததைக் கொண்டுபோய், அவளுக்குத் தெரிந்தது எதுவுமே அறிவில்லை என்று நிரூபிக்கிற ப்ராஜெக்டை அவன் வாங்கி வருகிறான். இது கல்வியென்றால் வழிப்பறிக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசிக்கு வருவோம். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே வாரத்தில் மோதிக்கொள்கிற காலம். முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்குள் நெல் ஓரளவு காய்ந்திருக்கும். இப்போது செயின் மிஷின் பச்சைக் கதிராகவே அறுத்துக் கொட்டுகிறது, ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். எனவே நெல் சாலைக்கு வருகிறது. தேசிய நெடுஞ்சாலையில் பாதிதான் நெடுஞ்சாலை, மீதி களம். பகலில் துழாவி, மேகத்தைக் கண்டால் குவித்து, மூடி, வெயில் வந்தால் மறுபடி விரித்து, நனைந்தால் மறுபடி. நாலு நாள் சேர்ந்தாற்போல் அடித்தால் மூட்டைக்குள்ளேயே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். உடனே சென்னையிலிருந்து தில்லிக்குக் கடிதம் போகும்: 17ஐ 22 ஆக்குங்கள். 2025இலும் போனது. மத்தியக் குழு வரும், குனிந்து ஒரு கை நெல்லை அள்ளும், உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கும், மாதிரியைப் பையில் போட்டு எடுத்துப் போகும். சில வருஷம் தளர்த்துவார்கள், சில வருஷம் கைவிரிப்பார்கள். அதற்குள் முளை இலையாகியிருக்கும்.

இத்தனைக்கும் இந்தச் சாலை ஓரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நிறுவனங்கள் நிற்கின்றன. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, 1922இல் தொடங்கியது. நெல்லைப் பதப்படுத்துவதற்கென்றே 1967இல் திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலைக்குள் ஆய்வுக்கூடமாகப் பிறந்து, 1972இல் தஞ்சாவூருக்கு வந்து, பெயர் மேல் பெயர் மாறி இன்று நிஃப்டெம் என்று நிற்கிற நிறுவனம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. ஈச்சங்கோட்டையில் எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரில் வேளாண் கல்லூரி இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளைச் சொல்லவே வேண்டாம். இங்கெல்லாம் உழைக்கிற, விஷயம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல ரகங்களும் நல்ல முறைகளும் இங்கிருந்து வந்திருக்கின்றன. அதை மறுப்பவன் அயோக்கியன். ஆனால் ஐம்பது வருஷப் பட்டப்படிப்புக்கும் பதனத் தொழில்நுட்பத்துக்கும் பிறகு, ஈர நெல்லைக் காயவைக்க ஒரு சம்சாரிக்குக் கிடைத்திருக்கும் இயந்திரம் அவர் கால். வெறுங்காலால் தள்ளித் தள்ளி வரி போடுகிறார்.

ஆகவே பல்கலைக்கழகங்களின் மேலான பரிசீலனைக்கு ஒரு யோசனை. பங்குனிக் கண்காட்சியை ரத்து செய்துவிடுங்கள். இறுதியாண்டு வைவாவை ஐப்பசியில், கொள்முதல் நிலையத்து வாசலில் வையுங்கள். வினா ஒன்றே ஒன்று. இதோ சாலையில் கிடக்கிறது நனைந்த நெல், லாரி வருவதற்குள் இதை 17க்குக் கொண்டுவா. ஐ.ஓ.டி.யோ, ஏ.ஐ.யோ, பிளாக்செயினோ, வைக்கோலோ, உமி அடுப்போ, எது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் நடவுக்கு ஆள் கூட்டி வரும் அக்கா. இன்னொருவர் ஆத்தூரிலிருந்து செயின் மிஷினோடு வந்திருக்கும் டிரைவர் பையன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நடு வயலில் பெல்ட் அறுந்தால் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வெளிச்சத்தில், சேற்றில் மல்லாந்து படுத்து மாற்றிவிட்டு, எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்புகிறவன். டெல்டாவில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் உயிரோடிருப்பது அவன் விரல் நகத்துக்கடியில்தான்.

ஆட்சேபணை வரும் என்று தெரியும். தேர்வாளருக்கு முனைவர் பட்டம் வேண்டும், குறைந்தபட்ச அனுபவம் வேண்டும், ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். அக்காவின் அனுபவம் முப்பது சம்பா, ஆனால் அதற்கு அனுபவச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மிராசுதார் சென்னையில் இருக்கிறார். சரி, அவர்கள் மார்க் போட வேண்டாம். பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும். பேராசிரியர்கள் பத்துக் கல்லூரிகளிலிருந்தும் அன்றைக்கு ஒரு நாள் ஒரே உடம்போடு வந்து நிற்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டால் தேர்வு தள்ளிவைக்கப்பட மாட்டாது. அப்போதுதான் தேர்வே. தார்ப்பாய்க்கு நாலு முனை. ஒன்றை விவசாயி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றை மாணவன் பிடிப்பான், கூச்சப்பட்டாலும் பிடிப்பான், அவன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்ற இரண்டை யார் பிடிப்பது என்பதைப் பாடத்திட்டக் குழு கூடி முடிவு செய்யட்டும். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பயணப்படி உண்டு.